உப்பேரியும் என்ர மனிசியும்

நீரும் அவவைத் தேடித்தான் வந்தனீரோ? நினைச்சன். உம்மட கார் வந்து நிக்கேக்கையே நினைச்சனான், இது றூம் கேட்டு வாற ஆள் இல்லையெண்டு. றூம் கேட்டு வாறவை இறங்கின உடன போர்டைப் பாப்பினம். நீர் ஏரியைப் பாத்தீர்.

இரும் தம்பி, அந்தக் கதிரையில இரும். விடியப் போனவ, இன்னும் வரேல்லை. காத்து அடிச்சால் கெதியா வருவா. இல்லாட்டி காத்து அடிச்சால்தான் பிந்துவாவோ தெரியாது. அதெல்லாம் எனக்குச் சொல்லுறேல்லை. தேத்தண்ணி போடட்டோ? சீனி போடுவீர்தானே?

ரொறன்ரோவில எவடம்? மார்க்கமோ. நாங்கள் ஸ்காபரோவில இருந்தனாங்கள். யூனிவசிற்றியில படிக்கிறீர், என்ன? எனக்குத் தெரியும். போன கிழமையும் ஒரு பெட்டை வந்தவள், சீனத்துப் பெட்டை. அதுக்கு முதல் பேப்பர்க்காரர் வந்தவை. எல்லாரும் இந்தக் கதவைத் திறந்துகொண்டு வந்து ஒரே கேள்விதான். "மிஸிஸ் பவளராணி இருக்கிறாவோ?" ஒருத்தராவது "மிஸ்டர் அருளம்பலம் இருக்கிறாரோ?" எண்டு கேட்டதில்லை. மோட்டல் என்ர பேரில கிடக்கு. வெளியில இருக்கிற போர்டும் நான் எழுதுவிச்சது. அதைப் பாத்து ஒருத்தருக்கும் ஒண்டும் தோணுறேல்லை.

இந்தாரும், குடியும்.

எனக்குப் பொறாமையெண்டு மகள் சொல்லுறாள். பொறாமையோ? நான் ஏன் தம்பி பொறாமைப்பட வேணும்? என்ர மனிசி பேர் எடுத்தால் எனக்குச் சந்தோசம்தானே. நான் நடந்ததைச் சொல்லுறன், நீரே கேட்டுப்போட்டுச் சொல்லும்.

ஸ்காபரோவில நான் ஒரு கொம்பனியில இரவு வேலை. பனிக்குள்ள போய்ப் பனிக்குள்ள வாறது. அப்பதான் ஒருத்தர் சொன்னார், சஸ்காச்சுவான்ல ஏரிக்கரையில ஒரு மோட்டல் விலைக்கு வருதெண்டு. படம் காட்டினவர். நீலத் தண்ணி, வெள்ளை மணல், ஆக்கள் தண்ணியில மல்லாந்து படுத்திருக்கினம். எனக்குக் கடற்கரை மாதிரித்தான் தெரிஞ்சுது. பவளத்திட்டக் கேட்டனான். "உங்களுக்குச் சரியெண்டால் சரி" எண்டா. அவ எப்பவும் அப்பிடித்தான். எனக்கு எதிர்க்கதை கதைச்சதில்லை. அதாவது, அப்ப.

வந்து பாத்தால் மணலும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. வெள்ளையாத் தெரிஞ்சது முழுக்க உப்பு. உப்பெண்டால் கறிக்குப் போடுற உப்பில்லை. முதல் நாள் நான் விரலால தொட்டு நாக்கில வைச்சுப் பாத்தன். கசப்பு. எங்கட அம்மா சின்னனில தாற பேதி உப்பு மாதிரி. மாதிரி என்ன, அந்த உப்பே இருக்குதாம் இதுக்குள்ள. மீன் கிடையாது. மரம் கிடையாது. கோடையில கரைச் சேறு நாறும். மழையில்லாத வரியத்தில காத்து கிளம்பினால் அந்த வெள்ளைத் தூசு வந்து கட்டில் விரிப்பெல்லாம் படியும், பவளம் திருப்பித் திருப்பித் தோய்ப்பா. கோடை ரெண்டு மாசம் சனம் வந்து தண்ணியில மிதக்குங்கள். ஒருத்தரும் தாழமாட்டினம், அவ்வளவு உப்பு. மூட்டுவருத்தத்துக்கு நல்லதெண்டு சொல்லுவினம். மிச்ச நாளில றோட்டால போற லொறிக்காரர்தான்.

நான் ஒப்பீசைப் பாத்தன், பவளம் றூமுகளைப் பாத்தா. பத்து வரியத்துக்கு மேல. கட்டில் விரிக்கிறது, குளியலறை கழுவுறது, எனக்குச் சமைக்கிறது. இந்த ஊரில எங்களைத் தவிரத் தமிழ்ச்சனம் இல்லை. நான் அவவுக்கு ஒரு குறையும் வைக்கேல்லை. ரீவியில தமிழ்ச் சனல் எல்லாம் எடுத்துக் குடுத்தனான். ஏரிப்பக்கம் போகாதையும், சேறெண்டு சொன்னனான். போகேல்லை. ஊரில அவ மன்னாரில புவியியல் ரீச்சராய் இருந்தவ. நல்ல ரீச்சர் எண்டு சொல்லுவினம். அதைப்பற்றி இஞ்ச வந்தாப் பிறகு அவவும் கதைக்கேல்லை, நானும் கேக்கேல்லை. கட்டில் விரிக்கிறதுக்குப் புவியியல் என்னத்துக்கு?

அப்பதான் மெல்னிக் வந்தார்.

பீற்றர் மெல்னிக். உக்ரேன்காரற்ற பரம்பரை, பிறந்தது இந்தச் சமவெளியில. உயர்ந்த மனுசன், வெள்ளைத் தாடி, பெரிய தொப்பி. ஏழாம் நம்பர் றூமைக் கோடை முழுக்க எடுத்தார். ஏரியில குருவி பாக்கிறதாம். குருவி பாக்கிறதுக்கு ஒரு கோடையோ எண்டு நான் சிரிச்சன். காசு தாறார், எனக்கென்ன.

ரெண்டாம் நாள் பவளம் அவற்ற றூமைத் துப்புரவாக்கப் போனா. ஒரு றூமுக்கு அவவுக்கு எவ்வளவு நேரம் எடுக்குமெண்டு எனக்குத் தெரியும். அண்டைக்குப் போனவ வரேல்லை. நான் போய்ப் பாத்தன். கதவு திறந்து கிடக்கு. மேசையில ஒரு போத்தல் தண்ணி. அதுக்குள்ள செம்மஞ்சளாய் சின்னச் சின்னப் பூச்சி, றால் குஞ்சு மாதிரி, மல்லாந்தபடி நீந்துது. என்ர மனிசி முழங்காலில நிண்டு ஒரு கண்ணாடியால அதைப் பாத்துக்கொண்டிருக்கிறா. அந்தாள் பக்கத்தில நிண்டு ஏதோ சொல்லுறார். பவளம் கேள்வி கேக்கிறா. இங்கிலீசில! தம்பி, என்ர மனிசி அப்பிடி இங்கிலீஸ் கதைக்கிறதை நான் அதுவரைக்கும் கேட்டதில்லை. எங்கட மோட்டலுக்கு வாற வெள்ளையளிட்ட அவ கதைக்கிறது "ரவல்", "சோப்", "தாங்க் யூ". இது வேற இங்கிலீஸ்.

"என்ன பவளம்?" எண்டு கேட்டன்.

"உப்பு றால். மீன் இல்லாத தண்ணியெண்டபடியால் இதுகளைத் தின்ன ஆளில்லை. குருவியள்தான் தின்னுது. அதுக்குத்தான் வருகுதுகள்" எண்டா. என்னைப் பாக்கேல்லை. போத்தலைப் பாத்துக்கொண்டு சொன்னா.

அதுதான் துடக்கம்.

ஒரு கிழமை போக, "நான் ஒருக்கா அவரோட போய் ஏரியைப் பாத்திட்டு வரட்டோ?" எண்டு கேட்டா. நான் ஓம் எண்டன். ஒருக்கா எண்டுதானே கேட்டவ. அது ஒவ்வொரு நாளும் எண்டு ஆகிச்சுது. விடியவெள்ளன எழும்பி றூம் வேலையெல்லாம் முடிச்சுப்போடுவா, அதில ஒரு பிழையும் பிடிக்க ஏலாது, நான் பிடிக்கப் பாத்தனான். பிறகு இடியப்பமும் சம்பலும் கட்டிக்கொண்டு அவற்ற வானில ஏறிப் போவா, இவதான் ஓடுறவ. ரெண்டு பேருக்குக் கட்டுவா. எனக்கு மேசையில மூடி வைச்சிருக்கும். அந்தாள் கையால குழைச்சுத் தின்னுறாராம். "வடிவாச் சாப்பிடுறார்" எண்டு எனக்கு வந்து சொல்லுறா. நான் முப்பது வரியமாய்ச் சாப்பிடுறன், அதைப்பற்றி ஆரிட்டயாவது சொன்னவவோ?

அவற்ற பழைய தொப்பி ஒண்டை இவ போடத் துடங்கினா. சேலையும் வீட்டில போடுற சோட்டியும் தவிர வேற ஒண்டும் உடுக்காத மனிசி, முழங்கால் மட்டும் றபர்ச் சப்பாத்து, தலையில தொப்பி, கழுத்தில பைனாகுலர். றோட்டால போற லொறிக்காரர் கையைக் காட்டுறாங்கள். இவ திருப்பிக் காட்டுறா!

பின்னேரத்தில ஏழாம் நம்பருக்கு முன்னால ரெண்டு கதிரை போட்டு இருந்து கதைப்பினம். நான் ஒப்பீசில இருந்தால் சத்தம் கேக்கும், சொல் விளங்காது. ஆனால் அவ சிரிக்கிறது விளங்கும். அவவின்ர சிரிப்பை நான் மறந்தே போனன் தம்பி. முதல் நாள் கேக்கேக்க இது ஆரோ றூமுக்கு வந்த பொம்பிளையாக்கும் எண்டு நினைச்சன்.

மகளுக்கு ரெலிபோன் எடுத்தன். மகள் நிருத்திகா ஒட்டாவாவில. "அம்மாவின்ர போக்குச் சரியில்லை" எண்டன். எல்லாத்தையும் சொன்னன். அவள் கேட்டாள், "அப்பா, அந்தாளுக்கு எத்தினை வயசு?" எண்டு.

"எழுபது தாண்டியிருக்கும்."

தம்பி, அவள் சிரிச்ச சிரிப்பு இருக்கே. பிறகு சிரிப்பை விட்டுப்போட்டுச் சொன்னாள், "அம்மாவைக் கொஞ்சம் விடுங்கோ அப்பா. நீங்களும் போய்ப் பாக்கலாம்தானே." நான் போனை வைச்சிட்டன். எழுபதெண்டால் என்ன? எழுபது வயசுக்காரனுக்குக் கதைக்க வாயில்லையோ? என்ர பிரச்சினை அந்தாள் கதைக்கிறதுதானே.

ஒருநாள் நானே சொன்னன், இண்டைக்கு அவரை இராச்சாப்பாட்டுக்குக் கூப்பிடும் எண்டு. என்ர கண்ணுக்கு முன்னால இருக்கட்டும் எண்டுதான். பவளத்துக்குச் சந்தோசம். ஆட்டிறைச்சி, கத்தரிக்காய்க் குழம்பு, எல்லாம் சமைச்சா. மேசையில இருந்து என்ன கதைச்சினமெண்டு நினைக்கிறீர்? ஏரி. பவளம் மேசைச்சீலையில விரலால கீறிக் கீறி எனக்கு விளங்கப்படுத்தினா. ஒரு காலம் இந்தச் சமவெளி முழுக்க ஐஸ் மூடிக் கிடந்ததாம். அது உருகி ஓடேக்க தோண்டினதுதான் இந்தப் பள்ளம். "தண்ணி வாறதுக்கு வழி இருக்கு, போறதுக்கு வழியில்லை. ஆறும் இல்லை, கடலும் இல்லை. வெயில் மட்டும்தான் தண்ணியை எடுத்துக்கொண்டு போகுது. உப்பை எடுத்துக்கொண்டு போக ஆளில்லை. ஆயிரம் ஆயிரம் வரியமாய் இஞ்சையே சேந்து கிடக்கு" எண்டா. ஒரு வகுப்பில நிண்டு சொல்லுற மாதிரித்தான் சொன்னா. நான் சோத்தைப் பிசைஞ்சுகொண்டு கேட்டன். நல்லாத்தான் சொன்னா. நான் இல்லையெண்டு சொல்லேல்லை.

பிறகு ஒரு குருவியைப் பற்றிக் கதை வந்துது. தண்ணியில பம்பரம் மாதிரிச் சுழலுமாம். சுழலேக்க அடியில கிடக்கிற பூச்சியெல்லாம் மேல வரும், கொத்தித் தின்னும். அந்தச் சாதியில பேடுதான் வடிவு, சேவல் மங்கல். பேடு முட்டையை இட்டுப்போட்டுப் போயிடுமாம். சேவல்தான் அடைகாக்கிறது. இதைச் சொல்லிப்போட்டு அந்தாள் என்னைப் பாத்துச் சிரிச்சார். பவளமும் சிரிச்சா.

எனக்கு உச்சியில அடிச்ச மாதிரி. விடிய இருந்து பொழுதுபடுமட்டும் ஆர் இந்த மோட்டலில அடைகிடக்கிறது? நான். இவ எங்க? வெளியில. என்னைத்தான் சொல்லிக் காட்டுறாங்கள். நான் பிளேட்டைத் தள்ளிப்போட்டு எழும்பிப் போனன். பவளம் பிறகு வந்து, "குருவியைத்தானே சொன்னவர்" எண்டா. குருவியாம். நான் அவ்வளவு மடையனோ?

அடுத்த நாள் விடிய அவை போனாப்போல, ஒப்பீஸ் கதவைப் பூட்டினன். பூட்டிப்போட்டு என்ர பிக்கப் வண்டியை எடுத்தன்.

ஏரியைச் சுத்தி ஒரு வண்டிப்பாதை போகுது, புல்லுக்குள்ளால வளைஞ்சு வளைஞ்சு. அதால போனன். ஒரு மேட்டில நிப்பாட்டிப் பாத்தால், அங்கால கரையில அவற்ற வான் நிக்குது. அதுக்கு முன்னால ரெண்டு மடக்குக் கதிரை. ரெண்டும் ஒட்டிக்கொண்டு. பவளம் மூண்டு காலில நிக்கிற பெரிய குழாய்க்குள்ளால ஏரியைப் பாக்கிறா. பாத்துப்போட்டுத் திரும்பி அந்தாளின்ர காதுக்குள்ள சொல்லுறா. திரும்பப் பாக்கிறா, திரும்பக் காதுக்குள்ள சொல்லுறா. அந்தாள் கண்ணை மூடிக்கொண்டு, முகத்தை நிமித்தி, சிரிச்சபடி கேட்டுக்கொண்டிருக்கிறார்.

கண்ணை மூடிக்கொண்டு தம்பி! நான் என்ன நினைக்கிறது?

வண்டிப்பாதையால போறதெண்டால் இன்னும் ஒரு பெரிய வளைவு சுத்த வேணும். எனக்கும் அவைக்கும் இடையில வெள்ளை வெளேரெண்டு தட்டையாக் கிடக்கு, சீமெந்து போட்ட மாதிரி. தண்ணி வத்தின இடம். நான் பிக்கப்பை நேர அதுக்குள்ள விட்டன்.

கொஞ்சத்தூரம் நல்லாத்தான் போச்சுது. ரயருக்குக் கீழ மொறுமொறு எண்டு சத்தம், அப்பளம் நொறுங்கிற மாதிரி. பிறகு முன்பக்கம் குனிஞ்சுது. அவ்வளவுதான். காலால மிதிக்க மிதிக்கப் பின் ரயர் கறுப்புச் சேத்தை வாரி எறியுது. மேல வெள்ளை, ஒரு விரல் தடிப்பு உப்பு; கீழ கறுப்பு, கூழ். அந்த நாத்தம், கூழ்முட்டை நாத்தம். கதவைத் திறந்து இறங்கினன். இறங்கியிருக்கக் கூடாது. முழங்கால். இழுத்தன். தொடை. மற்றக் காலை ஊண்டினன், அதுவும் போச்சுது. பிடிக்க ஒண்டுமில்லை, கதவு எட்டேல்லை. அசைய அசைய இறங்குது தம்பி. நான் கத்தினன். என்னெண்டு கத்தினனெண்டு தெரியுமோ? "பவளம்" எண்டு கத்தினன்.

அவ ஓடிவரேல்லை. அதை நான் மறக்கமாட்டன். மற்றப் பொம்பிளையெண்டால் ஐயோ எண்டு கத்திக்கொண்டு ஓடி வந்திருப்பா. இவ நிண்டு பாத்தா. பிறகு வானுக்குப் போய் அந்தாளோட சேந்து ரெண்டு பலகை இறக்கினா, கயிறு எடுத்தா. புல்லு நிக்கிற வழியாச் சுத்திச் சுத்தி வந்தா, ஒவ்வொரு இடமாப் பாத்துப் பாத்து. கிட்ட வந்தவுடன பலகையைப் போட்டு அதில குப்புறப் படுத்து ஊர்ந்து வந்தா. சோட்டியெல்லாம் சேறு. முகத்துக்கு நேர முகம்.

"அசையாதேங்கோ" எண்டா. "பின்னுக்குச் சாயுங்கோ. கட்டில்ல படுக்கிற மாதிரி. கையை விரியுங்கோ."

"நான் தாழப்போறன் பவளம்."

"தாழமாட்டியள். சொல்லுறதைக் கேளுங்கோ."

நான் கேட்டன். வேற என்ன செய்யிறது? உப்புக்கு மேல மல்லாந்து வானத்தைப் பாத்துக்கொண்டு கிடந்தன். அவ என்ர காலைச் சுத்திக் கையால சேத்தைத் தோண்டுறா. ஒரு காலை மெல்ல ஆட்டச் சொன்னா, தண்ணி உள்ள இறங்கட்டும் எண்டா. என்ர கக்கத்துக்குக் கீழ கயித்தைக் கட்டிப்போட்டு, கரையில நிண்ட அந்தாளுக்கு இங்கிலீசில ஏதோ சொன்னா, அவர் இழுத்தார். சப்பாத்து ரெண்டும் அங்கையே போச்சுது. நான் வெளியில வந்தன், கண்டுக்குட்டி பிறந்து விழுந்த மாதிரி.

பலகையில ரெண்டுபேரும் இளைச்சுக்கொண்டு இருக்கேக்க கேட்டா, "ஏன் வந்தனீங்கள்?"

"சும்மா."

என்னைப் பாத்தா. எல்லாம் விளங்கிப்போச்சுது அவவுக்கு. நான் எதிர்பாத்தன், ஏசுவா எண்டு. ஏசியிருந்தால் எனக்கும் ரெண்டு சொல்லுச் சொல்ல வாய்ச்சிருக்கும். அவ மெல்லமாச் சொன்னா, அவருக்குக் கேக்கக் கூடாதெண்டு, தமிழில எண்டாலும் மெல்லமா: "அவருக்குக் கண் தெரியேல்லை. நடுவில இருட்டு, ஓரத்தில மட்டும்தான் தெரியுது. ரெண்டு வரியத்தில முழுக்கப் போயிடுமாம். நான் பாத்துச் சொல்லுறன், அவர் அது என்ன எண்டு சொல்லுறார். அவ்வளவுதான்."

நான் கரையில நிண்ட மனுசனைப் பாத்தன். அவர் எங்களைப் பாக்கேல்லை. எங்களுக்குக் கொஞ்சம் பக்கத்தால, வேற எங்கையோ பாத்துக்கொண்டு கயித்தைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறார். ஓரக்கண்ணால பாக்கிறாராக்கும்.

மகள் சொல்லுறாள், அதோட எனக்குத் தெளிஞ்சிருக்க வேணும் எண்டு. எப்பிடித் தெளியும் தம்பி? நீர் யோசிச்சுப் பாரும். சந்தேகப்படுற மாதிரி ஒண்டுமில்லை, சரி. அது எனக்கு அப்பவும் உள்ளுக்குத் தெரியும். ஆனால் அந்தாளுக்கு அவ ஒவ்வொரு குருவியாச் சொல்லுறா. சிறகு என்ன நிறம், கால் என்ன நிறம், எந்தப் பக்கம் பாத்து நிக்குது, தண்ணி இண்டைக்கு என்ன நிறம். முப்பது வரியத்தில எனக்கு என்ன சொன்னவ? "சாப்பாடு போட்டாச்சு." "ரவல் முடிஞ்சுபோச்சு." கண் தெரியிறவனுக்குச் சொல்லக் கூடாதோ? நான் கேக்கேல்லை எண்டு மகள் சொல்லுறாள். இதெல்லாம் கேட்டே வாங்கிறது?

பிக்கப்பை எடுக்க ஏலேல்லை. உழவு மெசின் கொண்டு வந்த ஆள் கரையில நிண்டு பாத்துப்போட்டு, உறையட்டும் எண்டு சொல்லிப்போட்டுப் போயிட்டான். மாரியில சேறு உறைஞ்சாப் பிறகுதான் இழுத்தது. அதுமட்டும் அது அங்க நிண்டுது, சரிஞ்சு. குருவியெல்லாம் அதில ஏறி இருந்து எச்சம் போட்டுதுகள். மிதக்க வந்த சனம் அதுக்கு முன்னால நிண்டு படம் எடுத்துதுகள். அந்த வரியம் இந்த மோட்டலுக்கு வந்த ஆக்கள் எல்லாம் "அது ஆற்ற வண்டி?" எண்டு கேட்டவை. பவளம் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. அதுக்கு நான் அவவுக்கு நன்றி சொல்லத்தான் வேணும். சொல்லேல்லை.

மெல்னிக் அடுத்த கோடையும் வந்தார், அதோட சரி. கண் முழுக்கப் போயிட்டுது. விக்ரோறியாவில இருக்கிற தன்ர மகளிட்டப் போயிட்டார். போற நாள் அவற்ற குழாயையும் கண்ணாடியையும் பவளத்தின்ர கையில குடுத்தார். ரெண்டுபேரும் அழுதவை. நான் அவற்ற பெட்டியைத் தூக்கி மகளின்ர காரில வைச்சன். உள்ளதைச் சொல்லுறன், எனக்கு நிம்மதி. இனி எல்லாம் பழையபடி வரும் எண்டு நினைச்சன்.

அடுத்த நாள் விடிய எழும்பிப் பாத்தால் அவ சப்பாத்துப் போடுறா.

"எங்க?"

"ஏரிக்கு."

"அவர்தான் போயிட்டாரே."

"குருவி போகேல்லைத்தானே" எண்டா.

ஒரு ஆள் இருந்தாலாவது அந்தாளில எரிச்சல்படலாம். ஏரியில எப்பிடித் தம்பி எரிச்சல்படுறது? ஆனால் நான் பட்டன். யன்னலால அதைப் பாக்கேக்க எனக்குப் பத்திக்கொண்டு வரும். நாத்தம் பிடிச்ச தண்ணி. அவ அதைப் பாக்கிற மாதிரி ஒருநாள் என்னைப் பாத்திருந்தால் நான் இந்த மோட்டலையே வித்துப்போட்டு அவவுக்குப் பின்னால போயிருப்பன்.

பிறகுதான் இந்தக் கூத்தெல்லாம். இவ பாத்ததை மெல்னிக் யூனிவசிற்றிக்காரருக்குச் சொல்லி, அவை வந்து, இப்ப இவதான் இந்த ஏரிக்குப் பொறுப்பு மாதிரி. கூழாங்கல்லுக்குள்ள முட்டையிடுற ஒரு சின்னக் குருவிக்காகக் கரையில ஒரு பக்கம் கயிறு கட்டி மறிச்சா. பெரிய பெரிய வெள்ளையள் நிண்டு சத்தம் போட்டாங்கள், எங்கட ஏரி எண்டு. இவ அவங்களைக் கூட்டிக்கொண்டு போய்த் தூர நிப்பாட்டி, குழாய்க்குள்ளால முட்டையைக் காட்டினா. முதல் பாத்தவனுக்குக் கல்லு எது முட்டை எது எண்டு தெரியேல்லை. தெரிஞ்சாப் பிறகு தானே கயித்துக்கு இங்கால தள்ளி நிண்டான். நான் ஒப்பீஸ் வாசலில நிண்டு பாத்தன். எனக்கு ஒருத்தரும் காட்டேல்லை.

ஒவ்வொரு ஞாயிறும் மெல்னிக்குக்குப் போன் எடுப்பா. உதிலதான், நீர் இருக்கிற கதிரையில இருந்துதான். அந்தக் கிழமை பாத்த எல்லாத்தையும் சொல்லுவா. நான் குசினியில நிண்டு கேப்பன். ஒட்டுக்கேக்கிறதில்லை. தேத்தண்ணி போடப் போனால் கேக்கும்தானே.

போன ஞாயிறு அவ வீட்டில இல்லை. சஸ்கற்றூனில ஏதோ கூட்டம். போன் அடிச்சுது. எடுத்தன்.

"பவளம்?"

"இல்லை. அருளம்பலம்."

"ஓ, மிஸ்டர் அருள்." மனுசன்ர குரல் நல்லா இளைச்சுப் போச்சுது. "அவ இல்லையோ? கடைசிக் குருவியள் கிளம்பிற நேரம். நீங்கள் ஒருக்கா வெளியில பாத்துச் சொல்லுவீங்களோ?"

"ஒப்பீசில வேலையாய் நிக்கிறன்" எண்டன்.

"சரி, பரவாயில்லை" எண்டார். ஆனால் போனை வைக்கேல்லை. நானும் வைக்கேல்லை. ஒப்பீசில ஒரு ஈ கூட இல்லை, தம்பி. அந்தாள் அங்கால மூச்சு விடுறது கேக்குது.

வயர் இல்லாத போன்தானே, அதையும் கொண்டு வெளியில போனன். றோட்டைக் கடந்து கரைக்குப் போனன், சேறு துடங்கிற இடம் மட்டும். என்னத்தைச் சொல்லுறது? "குருவி நிக்குது" எண்டன். என்ன மாதிரி எண்டு கேட்டார். "நீட்டுக் கால். சொண்டு மேல பாத்து வளைஞ்சிருக்கு. தலையை அங்காலயும் இஞ்சாலயும் ஆட்டி ஆட்டித் தண்ணியை வழிக்குதுகள், புல்லு வெட்டுற மாதிரி" எண்டன். அவர் சிரிச்சார். ஓம், ஓம் எண்டார். கரை என்ன நிறம் எண்டார்.

"சிவப்பு" எண்டன். உண்மையா நான் அப்பதான் பாத்தன். அந்த உப்புச்செடி இருக்கெல்லோ, பவளம் அதை எங்கட மன்னார்க் கரையில நிக்கிற உமிரி எண்டு சொல்லுறவ, அது கரை முழுக்கச் சிவந்துபோய்க் கிடக்குது, ஆரோ கூறைச்சேலையைக் காயப்போட்ட மாதிரி. அங்கால வெள்ளை, அதுக்கங்கால நீலம்.

"அவ்வளவு சிவப்போ?" எண்டார்.

"அவ்வளவு சிவப்பு."

பிறகு, "சொல்லுங்கோ, இன்னும் சொல்லுங்கோ" எண்டார். நான் சொன்னன். வெயில் முகத்தில அடிக்குது, பின்னால ஒப்பீஸ் மணியை ஆரோ அடிக்கிறாங்கள், நான் சொல்லிக்கொண்டு நிண்டன். என்ர கதையை அப்பிடி ஒருத்தரும் கேட்டதில்லைத் தம்பி. ஒரு சொல்லுக் கீழ விழாமல்.

பின்னேரம் பவளம் வந்தா. அந்தாள் அதுக்குள்ள அவவின்ர கைபோனுக்கு எடுத்துச் சொல்லிப்போட்டார். உள்ள வந்து பையைக்கூட வைக்கேல்லை. வாசலில நிண்டு என்னைப் பாத்தா. எப்பிடிப் பாத்தா தெரியுமோ? அந்தக் குழாய்க்குள்ளால பாக்கிற மாதிரி.

"நீங்கள் கரைக்குப் போனனீங்களாம்" எண்டா. "எல்லாம் சொன்னீங்களாம். நல்லாச் சொன்னீங்களாம்."

நான் கணக்குக் கொப்பியைப் புரட்டினன்.

"எனக்கும் சொல்லுங்கோவன்" எண்டா.

நான் என்ன சொன்னனெண்டு கேளும். "உமக்கென்னத்துக்கு? நீர் ஒவ்வொரு நாளும் பாக்கிறதுதானே" எண்டன்.

அவ பையை வைச்சுப்போட்டுக் குசினிக்குள்ள போனா. தேத்தண்ணி கொண்டு வந்து வைச்சா. அவ்வளவுதான். அதுக்குப் பிறகு அதைப்பற்றி ஒரு கதையுமில்லை.

நான் பிழையாச் சொன்னனோ? இல்லைத்தானே. உண்மையைத்தானே சொன்னன். அவ ஒவ்வொரு நாளும் பாக்கிறாதானே. திடீரெண்டு கேட்டால் மனுசனுக்கு வாயில வருமோ? ஒருநாளும் கேக்காத ஆள் கேட்டால்?

அந்தா, தூசு தெரியுது. அவ வாறா. நீர் எழும்பாதையும், தேத்தண்ணியைக் குடியும், அவ இறங்கி வரட்டும். உமக்கு எல்லாம் வடிவாக் காட்டுவா, பயப்பிடாதையும். பின்னேரம் திரும்பக் கரைக்குப் போவா, உம்மையும் கட்டாயம் கூட்டிக்கொண்டு போவா.

தம்பி, போகேக்க ஒரு உதவி. பின் சீற்றில இன்னொரு ஆளுக்கு இடமிருக்கோ எண்டு ஒருக்கா அவவைக் கேட்டுப் பாரும். இண்டைக்கு ஒப்பீசைப் பூட்டினாலும் பரவாயில்லை. நீர் கேக்கிற மாதிரிக் கேளும், என்ன? நான் கேக்கச் சொன்னதெண்டு சொல்லிப்போடாதையும்.